குழந்தைக் கட்டிலுக்கு மெத்தை தேர்ந்தெடுப்பது: வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியில் என் தச்சுப்பட்டறை இருக்கிறது. கதவு, யன்னல், மேசை எல்லாம் செய்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீடுகள் எழும்பி, அந்த வீடுகளில் பிள்ளைகள் பிறக்கத் தொடங்கியதும் குழந்தைக் கட்டில் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். தச்சன் ஒருவன் மெத்தையைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் முதிரையில் ஒரு கட்டில் செய்து கொடுத்தேன். வேலை எனக்கே பிடித்திருந்தது. வாங்கியவர்கள் ஒரு கடையில் ஸ்பொஞ்ச் வெட்டி வாங்கிப் போட்டார்கள். அது கட்டிலின் உள்ளளவைவிட மூன்று அங்குலம் ஒடுங்கியிருந்தது. ஐந்தாவது மாதம், பிள்ளை புரளத் தொடங்கிய வாரத்தில், மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் முகம் செருகிக்கொண்டது. தாய் விழித்திருந்தார், தூக்கிவிட்டார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீதியில் அவளைக் காணும்போதெல்லாம் அந்த மூன்று அங்குலம் என் நினைவுக்கு வரும். மெத்தையின் அளவைக் கேட்காமல் நான் மரம் அறுப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு வைத்தியர்களிடமும், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் அக்காவிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவையும், பட்டறையில் கற்றதையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன்: மெத்து மெத்தென்ற எண்ணத்தை விடுவது

பச்சைக்குழந்தையின் உடம்பு பூப்போல இருக்கிறது, ஆகவே படுக்கையும் பூப்போல இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. இந்த ஒரு விடயத்தில் மனம் சொல்வதைக் கேட்காதீர்கள். முதல் மாதங்களில் குழந்தைக்குத் தலையைத் தூக்கித் திருப்பும் பலம் இல்லை. மென்மையான மெத்தையில் முகம் புதைந்தால், தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். பெரியவர்களைப்போல உதறி எழும்ப அதற்குத் தெரியாது.

நித்திரையிலேயே திடீரென நிகழும் குழந்தை மரணங்கள் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் நடக்கின்றன. இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரைதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். பிரித்தானியா 1991இலும் அமெரிக்கா 1994இலும் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு முழுவதும் பிரசாரம் செய்தன. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அங்கே இந்த மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. புதிய மருந்தோ இயந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை. படுக்க வைக்கும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

ஆகவே தேடுவது இதுதான்: கெட்டியான, தட்டையான, கட்டிலுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு மெத்தை. எங்கள் அம்மம்மாமார் பன்பாயின்மேல் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். கெட்டி, தட்டை என்ற இரண்டு கணக்கிலும் அந்தப் பாய் இன்றைய பல கடை மெத்தைகளைவிடச் சரியானது.

முதலாம் படி: கட்டிலை அளப்பது

மெத்தையை முதலில் வாங்கிவிட்டுக் கட்டிலைத் தேடாதீர்கள். கட்டில் வந்து வீட்டில் நின்ற பிறகு, அதன் உட்பக்கத்தை அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வெளியளவு உதவாது. நீளத்தைத் தலைப்பக்கச் சட்டத்திலிருந்து கால்பக்கச் சட்டம்வரை இரண்டு ஓரத்திலும் அளக்க வேண்டும். அகலத்தைத் தலைப்பக்கம், நடு, கால்பக்கம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். கையால் செய்த கட்டிலில் ஓர் அங்குல வித்தியாசம் இருப்பது அரிதல்ல. மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் கட்டில் மூலைமட்டம் சரி. வித்தியாசம் இருந்தால் மெத்தை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஒரு மூலையில் இடைவெளி விடும். செய்தவரிடம் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், அது அவருடைய கடமை.

மெத்தையை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்து, மறுபக்கத்து இடைவெளியில் இரண்டு விரலைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்குமேல் இடம் இருந்தால் அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்கு உரியதல்ல. ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர்தான் எல்லை. அதற்குமேல் உள்ள இடத்தைத் துவாயை உருட்டியோ தலையணை செருகியோ அடைக்கக் கூடாது. செருகிய துவாய் கழன்று முகத்துக்கு வரும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மெத்தை கொண்டுவரும் வீடுகள் இங்கே பல. அங்கேதான் அளவு குழம்புகிறது. பிரித்தானியாவில் குழந்தைக் கட்டில் மெத்தை பெரும்பாலும் 120 × 60 சென்ரிமீற்றர், பெரிய வகை 140 × 70. வட அமெரிக்க அளவு ஏறக்குறைய 132 × 70. நாங்கள் இங்கே செய்யும் கட்டில் வழமையாக நான்கு அடிக்கு இரண்டு அடி, அதாவது 122 × 61. லண்டனின் சிறிய மெத்தை அதற்குள் நன்றாக அமரும். ஆனால் கனடா மெத்தையை 140 நீளக் கட்டிலில் போட்டால் கால்பக்கத்தில் 8 சென்ரிமீற்றர் வெறுமையாகக் கிடக்கும். மெத்தை வருவது முன்கூட்டியே தெரிந்தால் அளவைத் தொலைபேசியில் கேட்டு, அதற்கேற்பக் கட்டிலைச் செய்விக்கலாம்.

கட்டிலைப் பார்க்கும்போதே சட்டங்களுக்கு இடையிலான தூரத்தையும் பாருங்கள். 6 சென்ரிமீற்றருக்குமேல் இருக்கக் கூடாது. ஒரு சோடாத் தகரக்குவளை இடையால் நுழைந்தால் அது ஆபத்தான கட்டில்: பிள்ளையின் உடம்பு வழுகி வெளியே போய்த் தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். பழைய கட்டில்களில் நான்கு அங்குல இடைவெளியை நான் கண்டிருக்கிறேன். இடையில் இன்னொரு சட்டம் வைத்துத் தருவது அரைநாள் வேலை.

இரண்டாம் படி: எந்த வகை மெத்தை

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தளபாடக் கடைகளில் அகப்படுபவை பெரும்பாலும் ஸ்பொஞ்ச், தும்பு, ஸ்பிரிங் ஆகியவை. இலவம் பஞ்சு மெத்தையை வீட்டில் தைப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இலவம் பஞ்சு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பாசம் அதிகம். பேரப்பிள்ளைக்கென்று பஞ்சு சேர்த்துத் தைத்த மெத்தையை வேண்டாம் என்று சொல்வது கடினம். ஆனாலும் பஞ்சு ஒரு மாதத்தில் திரண்டு, நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில்தான் தலை கிடக்கும். அதைப் பிள்ளைக்கு இரண்டு வயது ஆன பிறகு எடுத்து விரியுங்கள், பாசம் வீணாகாது.

ஸ்பொஞ்ச் வாங்கினால் கடைக்காரர் ‘டென்சிட்டி’ என்று ஓர் எண் சொல்வார். ஒரு கன மீற்றரில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்பதுதான் அது. எண் கூடினால் மெத்தை நாள்படும், சீக்கிரம் பள்ளம் விழாது. ஆனால் எண் கூடியதாலேயே அது கெட்டியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாரமாக இருந்தும் மென்மையான ஸ்பொஞ்ச் உண்டு. உடம்பின் வடிவத்துக்கு அமுங்கி, கை எடுத்த பின்னும் சுவடு விடுகிற ‘மெமறி ஃபோம்’ வகை அப்படிப்பட்டது. அது பச்சைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது.

தும்பு மெத்தை கெட்டியானது, காற்றோட்டம் உள்ளது, எங்கள் வெக்கைக்கு ஏற்றது. இறப்பர் பால் தெளித்து அழுத்திய தும்பு என்றால் இன்னும் நல்லது. தும்பு உதிராது, மட்டம் கெடாது. அதன் குறை ஈரம். சிறுநீர் உள்ளே இறங்கினால் காய நாள் எடுக்கும். நல்ல நீர்புகா உறை இருந்தால் நான் தும்பையே தேர்வேன். மழைக்காலத்தில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு, கூரையில் ஒழுக்கு உள்ள வீட்டில், கெட்டியான ஸ்பொஞ்ச் கையாள இலகுவானது.

ஸ்பிரிங் மெத்தை கெட்டியாக இருந்தால் பிழையில்லை, ஆனால் குழந்தை அளவில் இங்கே கிடைப்பது குறைவு. பெரிய மெத்தையை வெட்டித் தைத்துத் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். வெட்டிய கம்பி நுனி துணியைத் துளைத்துக்கொண்டு வரும்.

கனம் நான்கு அங்குலம் போதும். ஆறு அங்குலத்துக்குமேல் போகவே கூடாது. மெத்தை உயர உயரக் கட்டிலின் பக்கச்சட்டம் பதிந்துகொண்டு வரும். பிள்ளை பிடித்து எழும்பும் வயதில், மெத்தையின் மேற்பரப்பிலிருந்து மேல்சட்டம்வரை குறைந்தது 50 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும்.

மூன்றாம் படி: கடையில் நின்று சோதிப்பது

பொதியைப் பிரிக்காமல் மெத்தை வாங்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தரையில் விரித்து, உள்ளங்கையால் நடுவில் பலமாக அழுத்துங்கள். கையை எடுத்தவுடன் மெத்தை எழும்பி மட்டமாக வேண்டும். மெதுவாக எழும்பினால் அது வேண்டாம். பிறகு நான்கு ஓரத்தையும் நான்கு மூலையையும் அழுத்துங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடு கெட்டியாக இருந்து ஓரம் தொய்யும் மெத்தைகள் உண்டு. பிள்ளை உருண்டு போய்ச் சேரும் இடம் ஓரம்தான். பெரியவர் கைக்குச் ‘சற்றே கடினம்’ என்று தோன்றுவதுதான் குழந்தைக்குச் சரியான கெட்டி. அம்மாவிடம் கேட்டாலும் மாமியிடம் கேட்டாலும் ‘இது கல்லுப்போல இருக்கிறதே’ என்பார்கள். அதையே வாங்குங்கள்.

என் பட்டறையில் இன்னொரு சோதனை செய்கிறேன். பிறந்த குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பொதி ஒன்றை மெத்தையின் நடுவில் பத்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, நேரான நீண்ட சட்டம் ஒன்றை மெத்தைக்குக் குறுக்கே நிறுத்தி, தரையோடு கண்ணை வைத்துப் பார்க்கிறேன். சட்டத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் குழி விழுந்திருக்கிறது. வீட்டில் பழைய மெத்தையைப் பரிசோதிக்கவும் இதே வழி உதவும். பெரிய அளவுகோல் இருந்தால் போதும். கையின் உணர்வு ஏமாறும், நேர்ச்சட்டம் ஏமாறாது.

மேல் துணி இழுத்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். சுருக்கம் சுருக்கமாக நெகிழ்ந்திருந்தால் பிள்ளையின் முகத்தடியில் அது மடியும். பொத்தான், குஞ்சம், கழன்ற நூல், ஒட்டிய படம் எதுவும் இருக்கக் கூடாது. ‘சிப்’ இருந்தால் அதன் கைப்பிடி அடிப்பக்கத்தில் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: பொலித்தீனைக் கழற்றுவது

இதற்கென்று தனியாக ஒரு படி தேவையா என்று நினைக்க வேண்டாம். புது மெத்தை அழுக்காகிவிடும் என்று, கடையில் சுற்றிய மெல்லிய பொலித்தீனை அப்படியே விட்டு, மேலே சேலை விரித்துப் பிள்ளையைக் கிடத்திய வீடுகளை என் கண்ணால் கண்டிருக்கிறேன். மெல்லிய பொலித்தீன் முகத்தில் ஒட்டினால் மூச்சு அடைத்துவிடும். கழற்றி, துண்டாக வெட்டி, அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். மெத்தையை இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வையுங்கள். புது ஸ்பொஞ்சின் வாடையும் போகும். கட்டிலுக்கு வார்னிஷ் பூசியிருந்தால் அதுவும் வாடை முற்றாகப் போகும்வரை காய வேண்டும். பிள்ளை மேல்சட்டத்தைக் கடிக்கும் வயது வரும் என்பதால், ஈயம் கலக்காத பூச்சைக் கேட்டு வாங்குங்கள்.

நீர்புகா உறை தேவைதான். மெத்தையைச் சுற்றி இறுகப் பொருந்தும் உறையாக இருக்க வேண்டும். றப்பர் சீற்றைச் சும்மா மேலே விரித்தால் அது சுருண்டு மேலே வரும். அதைத் தவிர வேறு வழியில்லை என்றால் நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் ஆழமாக மடித்துச் செருகி, நாடாவால் கட்டுங்கள். அதற்குமேல் ஒரேயொரு பருத்தி விரிப்பு, நான்கு மூலையிலும் இலாஸ்ரிக் வைத்துத் தைத்தது. இரண்டு மூன்று தைத்து வைத்தால் துவைத்து மாற்றலாம்.

ஐந்தாம் படி: மெத்தையின் அடிப்பக்கம்

கட்டிலின் அடியில் முழுப் பிளைவுட் பலகை போட்டால் மெத்தைக்கு மூச்சு இல்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அடிக்கும் காலத்தில், வேர்வையும் சிறுநீரும் சேர்ந்து அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். சட்டங்களை நெருக்கமாக அடித்த அடித்தளம் சிறந்தது. பலகைதான் என்றால் அரை அங்குலத் துளைகளை நிரை நிரையாகப் போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கி நிறுத்தி, அடியைத் தடவிப் பாருங்கள். தும்பு மெத்தையை இளவெயிலில் வைக்கலாம். ஸ்பொஞ்சைச் சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய வைத்தால் பொடிந்துபோகும். அதற்கு நிழற்காற்று போதும்.

ஆறாம் படி: மெத்தையின்மேல் எதை வைப்பது

குழந்தையை மட்டும்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் சிறு தலையணை, பக்கவாட்டில் அணைக்கும் உருளைத் தலையணை, பொம்மை, தடித்த போர்வை எல்லாம் வெளியே. சட்டத்தைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திரைகளையும், சாய்வாகப் படுக்க வைக்கும் தொட்டில்களையும் அமெரிக்கா 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் விற்கத் தடை செய்தது. அப்படி ஏதாவது அன்பளிப்பாக வந்தால் நன்றி சொல்லி வாங்கி, அலுமாரியில் வையுங்கள்.

கடைகளில் நிறங்களாகத் தொங்கும், நுளம்புவலைக் கூடாரத்தோடு வரும் மெத்தைத் தொகுதியும் இதில் சேரும். வலை நல்லது. அதற்குள் இருக்கும் மெத்தென்ற விரிப்பும் மூன்று தலையணைகளும் நல்லதல்ல. அவற்றை எடுத்துவிட்டு, வலையை மட்டும் பயன்படுத்துங்கள்.

கண்ணூறு படாமல், காற்றுக்கருப்பு அண்டாமல் தலைமாட்டில் இரும்புத்துண்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அதைக் கட்டில் காலில் வெளிப்பக்கமாகக் கட்டிவிடுங்கள். நித்திரைக்கு விடும்போது கழுத்துச் சங்கிலியையும் கறுப்பு நூலையும் கழற்றிவிடுங்கள்.

மல்லாக்கக் கிடத்தினால் பால் கக்கிப் புரைக்கும் என்ற பயம் எல்லா அம்மம்மாமாருக்கும் உண்டு. மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. கக்கிய பால் மேட்டில் ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறக் கிடந்தால்தான் இந்த நிலை தலைகீழாகிறது. பிள்ளை தானாகவே இரண்டு பக்கமும் புரளப் பழகிய பிறகு, கிடத்துவது மட்டும் மல்லாக்க இருக்கட்டும். நித்திரையில் அது புரண்டால் ஒவ்வொரு முறையும் எழும்பித் திருப்ப வேண்டியதில்லை.

வெக்கை இன்னொரு கவலை. தகரக் கூரையின்கீழ் பிற்பகலில் பெரியவர்களே தவிக்கிறோம். பிள்ளையின் பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் உடுப்பைக் குறையுங்கள். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். கட்டிலை மேற்குச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

நுளம்பு, எறும்பு, பாம்பு

மலேரியா இல்லாத நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. வன்னியில் காய்ச்சலோடு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அது பெரிய செய்தி. ஆனால் டெங்கு இருக்கிறது, ஆகவே நுளம்புவலை கட்டாயம். வலையைக் கட்டிலின் வெளிப்பக்கமாக இறக்கி, கட்டிலின் அடியில் செருகுங்கள். தொங்கும் கயிறு பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. நுளம்புச் சுருளையும் குப்பி விளக்கையும் மெத்தைக்குக் கிட்டே வைக்காதீர்கள். ஸ்பொஞ்ச் பற்றினால் நிமிடத்தில் எரியும், அதன் புகை நஞ்சு. சுருளின் புகையும், அப்பாவின் பீடி சிகரெட் புகையும் அந்தச் சின்ன மூச்சுக்கு ஆகாதவை. வீட்டில் புகைப்பது நித்திரை மரணத்தின் ஆபத்தைக் கூட்டும் என்பது உறுதியான செய்தி.

பால் வாசத்துக்கு எறும்பு வரும். கட்டில் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைப்பது நல்ல பழைய வழி. அதே தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு, சிரட்டையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள்.

கட்டில் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு மற்றக் காரணம் கட்டுவிரியன். இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவர்களை நித்திரையிலேயே கடிக்கும் பாம்பு அது. கடித்த இடம் பெரும்பாலும் நோகாது, வீங்காது. தரையிலிருந்து உயர்ந்த கட்டிலும், நன்றாகச் செருகிய வலையும் இதற்குப் பெரிய காவல்.

ஏணையும், கட்டில் இல்லாத வீடும்

ஏணையில் ஆடாமல் எங்கள் பிள்ளைகள் வளர்வதில்லை. அழுகிற பிள்ளையை அமர்த்த, நீங்கள் பக்கத்தில் இருந்து ஆட்டும்போது ஏணை நல்லது. ஆனால் சேலைக்குள் முதுகு வளைந்து, நாடி நெஞ்சில் குத்தி நிற்கும்; அந்த நிலையில் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் மடங்கிப்போகும். ஆகவே கண் மூடியதும் தூக்கி, தட்டையான மெத்தையில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரவு முழுக்க ஏணையில் விடாதீர்கள்.

கட்டிலுக்கும் மெத்தைக்கும் வசதி இல்லாத வீடு பிள்ளையைப் பாதுகாக்க முடியாத வீடு அல்ல. பாய், அதன்மேல் இறுக விரித்த ஒரு பருத்தித் துணி, சுற்றிச் செருகிய வலை: இதுவே கெட்டியான, தட்டையான படுக்கை. வலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் முழுவதும் மடித்துவிடுங்கள். பிள்ளை தாயின் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், தனக்கென்ற பரப்பில் கிடப்பது முதல் ஆறு மாதத்துக்கேனும் நல்லது. தாயோடு ஒரே படுக்கையில் படுக்க வைத்தே ஆக வேண்டிய வீடுகளில், தலையணையையும் போர்வையையும் பிள்ளையிடமிருந்து விலக்குங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடத்தாதீர்கள். மது அருந்தியவரோ, புகைப்பவரோ, நித்திரை மருந்து எடுத்தவரோ பக்கத்தில் படுக்கக் கூடாது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும் மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கும் இந்த ஏற்பாடு வேண்டாம். குஷன் கதிரையில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உறங்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது, பிள்ளை படுக்கும் இடத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பழைய மெத்தை வந்தால்

மூத்த பிள்ளையின் மெத்தையை எடுக்கலாமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். வேறு வீட்டில் பாவித்த மெத்தைக்கும் நித்திரை மரணங்களுக்கும் தொடர்பு காணப்பட்டதாக 2002இல் வெளியான ஸ்கொட்லாந்து ஆய்வு ஒன்று சொன்னது. மெத்தைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் நான் வேறு வீட்டு மெத்தையை வாங்கச் சொல்வதில்லை. உங்கள் வீட்டு மெத்தை என்றால் அரிசிப் பொதியும் நேர்ச்சட்டமும் கொண்டு சோதியுங்கள். குழி, கிழிசல், ஈரவாடை, கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை என்றால் பாவியுங்கள். காசு மட்டாக இருந்தால் பழைய கட்டிலைத் திருத்தி வைத்துக்கொண்டு, மெத்தையைப் புதிதாக வாங்குங்கள்.

வளர வளர

பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் அடித்தளத்தை மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்க வேண்டும். கட்டில் செய்விக்கும்போதே இரண்டு உயரத்தில் ஆணித்துளை போடச் சொல்லுங்கள்; மரம் கூடச் செலவாகாது. மாதம் ஒருமுறை இரண்டு விரல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், ஆணிகளையும் இறுக்கிவிடுங்கள். பிள்ளை 90 சென்ரிமீற்றர் உயரத்தைத் தொட்டால், அல்லது ஒரு காலை மேல்சட்டத்தில் போடுவதைக் கண்டால், அன்றைக்கே அதைப் பெரிய கட்டிலுக்கு மாற்றுங்கள். பெரிய கட்டில் இல்லையென்றால், சிறிய கட்டிலைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றித் தருகிறேன். இன்னும் இரண்டு வருடம் அதே மெத்தையில் படுக்கலாம்.